அடுத்து எங்கே சார்?

சென்னையில் விடிகாலை கிளம்பி, காஞ்சிபுரத்தையும் மாமல்லபுரத்தையும் காட்டிவிட்டு, ராத்திரிக்குள் கொண்டுவந்து இறக்கிவிடும் ஒருநாள் சுற்றுலா பஸ் எதில் ஏறினாலும் இவர் இருப்பார். டிரைவருக்குப் பின்னால் முதல் சீட். சட்டைப் பையில் நாலாக மடித்த நிகழ்ச்சி நிரல், பக்கத்தில் பேனா. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வாக இருக்கத் தெரியாதவர். கைடு மைக்கைத் தட்டிப் பார்த்து, "எல்லாருக்கும் வணக்கம்" என்று சொல்லி முடிப்பதற்குள் கேட்டுவிடுவார்: "மொத்தம் எத்தனை இடம் சார்?"

பஸ் ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் மற்றவர்கள் அவருக்கு 'அடுத்து சார்' என்று பெயர் வைத்துவிடுவார்கள்.

முதலில் கைலாசநாதர் கோயில். எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராஜசிம்ம பல்லவன் மணற்கல்லில் எழுப்பியது. பிராகாரத்தைச் சுற்றி 58 சின்னஞ்சிறு சன்னதிகள். உற்றுப் பார்த்தால் சிலவற்றில் பழைய வண்ண ஓவியத்தின் மிச்சம் தெரியும். அடுத்து சார் உற்றுப் பார்ப்பது கைக்கடிகாரத்தை.

"சாமியைச் சுத்திக் குறுகலா ஒரு வழி இருக்கு. தவழ்ந்து போய் வெளியே வந்தா மறுபிறவி கிடையாதுன்னு நம்பிக்கை" என்கிறார் கைடு. வரிசையில் முதல் ஆளாக நுழைந்து, முதல் ஆளாக வெளியே வந்து, முழங்கால் தூசியைத் தட்டுகிறார் நம்மவர்.

"இனிமே உங்களுக்கு அடுத்த ஜென்மமே இல்ல சார்!"

"ரொம்ப சந்தோஷம். அடுத்து எங்கே?"

இந்தக் கோயிலுக்குச் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தனும் வந்திருக்கிறான். பல்லவர்களை ஜெயித்துவிட்டு வந்தவன். கோயிலின் செல்வத்தை அள்ளிக்கொண்டு போயிருக்கலாம். அழகைப் பார்த்து அசந்துபோய், அதைக் கோயிலுக்கே விட்டுக்கொடுத்ததைக் கன்னடத்தில் கல்வெட்டாகவும் பொறித்துவிட்டுப் போனான். படையெடுத்து வந்த எதிரிக்கே நின்று பார்க்க நேரம் இருந்திருக்கிறது. டிக்கெட் வாங்கி வந்த நம்மவருக்கு ஒதுக்கியிருப்பது இருபது நிமிஷம். அதிலும் ஐந்து நிமிஷத்தை மிச்சம் பிடித்து பஸ்ஸில் போய் உட்கார்ந்துவிடுகிறார்.

ஏகாம்பரநாதர் கோயில் வாசலில் அவருக்குக் கொஞ்சம் உற்சாகம் வரும், ஏனென்றால் அங்கே எண்கள் உண்டு. ராஜகோபுரம் 192 அடி. 1509இல் கிருஷ்ணதேவராயர் கட்டியது. இரண்டையும் நிரலின் ஓரத்தில் எழுதிக்கொள்வார். கோபுரத்தைப் பார்க்கமாட்டார், எழுதும்போது தலை குனிந்துதானே இருக்கும்! உள்ளே தல விருட்சமான மாமரத்தின் பெருமையை கைடு விவரிக்கும்போது, "இப்போ காய்க்குதா?" என்று ஒரு கேள்வி. பதில் வருவதற்குள் செருப்பு டோக்கனைத் தேட ஆரம்பித்திருப்பார்.

வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லி, வெள்ளிப் பல்லி இரண்டையும் தொட்டு டிக் அடித்தாயிற்று. நூற்றுக்கால் மண்டபத்தில் ஒரே கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது, அதுவும் டிக். "அத்தி வரதரைப் பார்த்துடலாமா?" என்று அவசரப்படுத்துகிறார்.

"அவரு குளத்துக்குள்ள இருக்காரு சார். நாற்பது வருஷத்துக்கு ஒரு தடவைதான் வெளியே வருவாரு. 2019இல வந்துட்டுப் போயிட்டாரு."

"அடுத்து எப்போ?"

"2059."

அன்று முழுக்க அவர் வாயடைத்து நின்றது அந்த ஒரு நிமிஷம்தான். அடுத்த ஜென்மம் இல்லை என்று காலையிலேயே முடிவாகிவிட்டது. அத்தி வரதரை இந்த ஜென்மத்திலேயே பார்த்தாக வேண்டும். பேனாவை எடுத்து '2059' என்று எழுதிக் கீழே கோடு போட்டுக்கொண்டார்.

அவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. காஞ்சிபுரத்துக் கோயில்கள் மத்தியானம் நடை சாத்தினால் சாயங்காலம் நாலு மணி வாக்கில்தான் திறக்கும். அதற்குள் மூன்று கோயிலை முடிக்க வேண்டும் என்று நிரல் போட்டவர் யாரோ, அவர்தான் அடுத்து சாரின் குலகுரு. ஆனால் பட்டுக்கடைக்கு மட்டும் நடை சாத்துகிற வழக்கம் கிடையாது. பல்லவனுக்கு இருபது நிமிஷம் கொடுத்த நிரல், பட்டுக்கடைக்கு ஒரு மணி நேரம் கொடுக்கிறது. உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்க்கும் கோர்வை வேலையைத் தறியில் காட்டுகிறார்கள். அதன் பிறகு அசல் வேலை தொடங்குகிறது.

அவருடைய மனைவி முதலில் விரித்த அரக்கு நிறச் சேலையைத் தொட்டுப் பார்த்து, "இதுவே நல்லா இருக்குங்க" என்கிறார். விஷயம் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். "இரும்மா" என்று கையமர்த்திவிட்டு, கடைக்காரர் பக்கம் திரும்புகிறார் நம்மவர். "அடுத்தது காட்டுங்க!" மலை போலச் சேலை குவிந்த பிறகு, வாங்கியது அதே அரக்கைத்தான். பஸ்ஸில் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு செங்கல்பட்டு வழியாகக் கிராமப்புறம். வயல், பனை, ஏரி என்று இரண்டு பக்கமும் ஓடி வருகின்றன. இவையெல்லாம் நிரலில் இல்லை. ஆகவே அவர் கண்ணில் படுவதில்லை. வெயில் செல்போன் திரையில் விழுகிறது என்று திரைச்சீலையை இழுத்துவிட்டுக்கொள்கிறார். திருக்கழுக்குன்றம் மலைக்கோயில் தெரிகிறது என்று கைடு சொன்னதும் மட்டும் சீலையை விலக்கி, உட்கார்ந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். "மலை ஏறாட்டியும் இது ஒரு இடம்தானே சார்? கணக்குல சேர்த்துக்கலாம்ல?"

மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தபசு என்றும் பகீரதன் தவம் என்றும் இரண்டு விதமாகச் சொல்லப்படும் அந்தப் பெரும் பாறையின் முன்னால், ஒற்றைக்காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதை நம்பிச் சுற்றி நிற்கும் எலிகளையும் கைடு காட்டுகிறார். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிற்பி அடித்த கிண்டல். எல்லோரும் சிரிக்கிறார்கள். "வெண்ணெய் உருண்டை எந்தப் பக்கம்?" என்கிறார் அவர்.

நாள் முழுவதிலும் அவர் அதிக நேரம் நின்ற இடம் அதுதான். வெள்ளைக்கார கவர்னர் யானைகளைக் கட்டி இழுத்தும் அந்தக் கல் அசையவில்லை என்று கதை சொல்கிறார்கள். அதை ஒற்றைக் கையால் தாங்குவதுபோல் நம்மவர் போஸ் கொடுக்க, படம் சரியாக விழும்வரை மனைவி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து ரதங்களை எட்டும்போது வெளிச்சம் குறைந்துவிட்டது. "இதெல்லாம் முழுசா முடிக்கப்படாத வேலை" என்று கைடு சொன்னதும் அவருக்குப் பல்லவர்கள் மேலேயே அதிருப்தி. "முடிக்காமலே அடுத்ததுக்குப் போயிட்டாங்களா? என்ன ஆளுங்க சார்!"

ராத்திரி வீட்டுக்கு வந்ததும் மகளுக்குப் போன் போடுவார். "ஒண்ணு விடாமப் பார்த்தாச்சு."

"எப்படிப்பா இருந்துச்சு?"

"லஞ்ச் சுமார்."

அடுத்து சாரைத் திருத்த முடியாது. அவருக்காகவே போட்ட நிரல் இருக்கும்வரை திருந்த வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. வாசகர்கள் ஒன்று செய்யலாம். கைலாசநாதர் கோயிலுக்கென்றே ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். காஞ்சிபுரம் பஸ் நிலையத்தில் ஆட்டோ கிடைக்கும். அந்த 58 சன்னதிகளையும் ஒவ்வொன்றாக நின்று பாருங்கள். மாமல்லபுரத்துக்கு இன்னொரு நாள் போகலாம். வெண்ணெய் உருண்டை அதற்குள் உருண்டு போய்விடாது.