முடிவு சொல்லமாட்டன், ஆனா…

வெள்ளவத்தை ரசிகருக்கு ஒரு தர்மம் உண்டு: திரில்லர் படத்தின் முடிவை வாய்விட்டுச் சொல்லவே மாட்டார். 2024இல் ‘மகாராஜா’ வந்தபோது காலி வீதித் தேத்தண்ணிக் கடையில் கேட்டது: “சொல்லமாட்டன் தம்பி, ஆனா அந்தக் குப்பைத் தொட்டியில ஒரு கண் வை. கடைசியில எழும்பிப் போயிடாத. ஆர் ஆரெண்டு நீயே பார்.” மிச்சம் என்ன இருக்கிறது, டிக்கெட் காசைத் தவிர?

கொட்டாஞ்சேனைக்காரர் வேறு ரகம். “இடைவேளையிலேயே பிடிச்சிட்டன்” என்பார். இடைவேளையில் அவர் பிடித்தது ரோல்ஸ் வரிசையில் முதலிடம்.

‘ராட்சசன்’ (2018) பார்த்த அன்ரி, “சீ, ஒரே ரத்தம், பிள்ளையளுக்குக் காட்டக்கூடாது” என்றார். மூன்றாம் தரம் பார்த்த பிறகு.

பாட்டே இல்லாமல் 1954இல் எஸ். பாலசந்தர் எடுத்த ‘அந்த நாள்’ தொடக்கத்திலேயே சிவாஜி சுடப்படுவார். சுட்டது ஆரென்று எங்கள் ஒழுங்கைப் பெரியவர் இன்றைக்கும், கேட்காமலே, சொல்கிறார்.