வசைபாடும் வலைப்பாடும்: திருப்பாலைவனத்து பெஞ்சில் ஒரு கள ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஒரு பேச்சு எந்த நொடியில் பொருளை விட்டுவிட்டு ஆளைப் பிடிக்கிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. களம், பழவேற்காடு ஏரிக்குப் போகும் வழியிலுள்ள திருப்பாலைவனம். பெயரைக் கேட்டு மணல்மேடும் ஒட்டகமும் தேடி வருகிறவர் ஏமாறுவார். பாலை மரத்தால் வந்த பெயர் அது. பெயரை வைத்து எடை போடாதே என்ற பாடம் ஊர் எல்லையிலேயே தொடங்கிவிடுவதால், இதைவிடப் பொருத்தமான களம் ஆய்வாளருக்கு அமையவில்லை. டீயும் இங்கே மலிவு.

2. முன்னோர் கண்டவை

நியாய சூத்திரம் தருக்கத்தை வாதம், ஜல்பம், விதண்டை என்று மூன்றாகப் பிரித்தது. உண்மையைத் தேடுவது வாதம். எப்படியாவது ஜெயிப்பது ஜல்பம். தன் பக்கம் எதையும் நிறுவாமல் எதிராளியை மட்டும் உடைப்பது விதண்டை. இவற்றுள் டீக்கடை வரை நடந்து வந்து சேர்ந்தது விதண்டாவாதம் ஒன்றுதான் என்பது நம் நாகரிக வரலாற்றின் சுருக்கம்.

இலக்கண நூல்களும் இத்துறையில் பின்தங்கவில்லை. மாணவரில் கடைப்பட்டவரை ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி என்று வகைப்படுத்தியது நன்னூல். படிக்க வந்தவனைப் பாயிரத்திலேயே எருமை என்ற நூல் வேறு மொழியில் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

அருட்பா–மருட்பாப் போர் எல்லோரும் அறிந்தது. வள்ளலார் பாட்டின் தகுதியில் தொடங்கிய விவாதம், 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் அவதூறு வழக்காகப் போய் நின்றது. வள்ளலார் உள்ளே வந்தபோது வழக்குத் தொடுத்த ஆறுமுக நாவலரே எழுந்து நின்றார் என்று ஒரு கதை வழங்குகிறது. அது மெய்யானால், திட்டுவதற்கும் எழுந்து நிற்பதற்கும் முரண் இல்லை என்பது பெறப்படும். இதை மனத்தில் இருத்துக. ஐந்தாம் பகுதியில் உதவும்.

3. கள ஆய்வு

பெஞ்ச் ஐவருக்கானது. எழுவர் இருந்தனர். ஆய்வாளர் நின்றார். விவாதப் பொருள்: எறா குழம்பில் மாங்காயா, கத்திரிக்காயா? கால அளவை: ஒரு கிளாஸ் டீ ஆறும் நேரம்.

டீ நாக்கைச் சுடும் வரை குழம்பு பேசப்பட்டது. ஏடு படியத் தொடங்கியபோது மூவகைத் தாக்குதல்கள் வெளிப்பட்டன.

*பரம்பரைத் தாக்குதல்:* "உங்க தாத்தா வலையே கிழிசல், நீ கொழம்பு பத்திப் பேசறியா?" இறந்துபோனவர் மறுக்க வரமாட்டார் என்பது இதன் பலம்.

*பாக்கித் தாக்குதல்:* "மொதல்ல வாங்கின ஐந்நூறைக் குடு, அப்புறம் மாங்கா போடு." கடனுக்கும் மாங்காய்க்கும் உள்ள தொடர்பைக் கேட்டவர் எவருமில்லை. எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

*பெயரிலித் தாக்குதல்:* "நான் யாரையும் சொல்லல. சில பேரு இருக்காங்க." சொன்னவர் ஏரிப் பக்கம் பார்த்தார். பெஞ்சில் ஒருவர் மட்டும் எழுந்தார். முகவரி இல்லாத கடிதம் சரியான வீட்டில் போய் விழும் ஒரே துறை இது.

இந்தக் கரையில் டச்சுக்காரர்கள் 1613இல் கோட்டை கட்டினார்கள், வெடிமருந்தும் தயாரித்தார்கள். அதற்கும் இவ்வூர்ப் பேச்சின் காரத்துக்கும் தொடர்பு காட்டச் சான்று கிட்டவில்லை. ஆய்வாளர் தேடுவதை நிறுத்தவுமில்லை.

4. ஏரியின் முறை

கோட்டைக்குப்பம் போன்ற ஏரிக்கரை ஊர்களில் 'பாடு' என்றொரு ஏற்பாடு உண்டு. எறா நிறைய வரும் இடங்கள் கொஞ்சம், வலைகள் அதிகம். எனவே யாருக்கு எந்த இடம், எந்த நாள் என்று குலுக்கிப் போட்டு முறை வைத்துக்கொள்கிறார்கள். பட்டியலில் இல்லாதவருக்குப் பாடு இல்லை என்பதால் வழக்கும் வம்பும் இல்லாமலில்லை. ஆனால் பட்டியலில் இருப்பவர்கள் நேற்று என்ன திட்டிக்கொண்டிருந்தாலும், இன்று அடுத்தவன் முறை முடியக் காத்திருந்தே ஆக வேண்டும்.

கைப்பேசிக் குழுவில் திட்டிய கையோடு, கட்டை விரலால் வெளியேறிவிடலாம். ஏரியில் அப்படியொரு பொத்தான் கிடையாது. திட்டியவன் படகு சேற்றில் சிக்கினால் தள்ளப் போவது, திட்டு வாங்கியவனின் தோள். நாகரிகம் நல்ல மனத்திலிருந்து பிறப்பதாக நூல்கள் சொல்லும். அது சேற்றிலிருந்தும் பிறக்கும் என்பது இவ்வாய்வின் பங்களிப்பு.

5. மரியாதை மானி

ஒருவரைப் பன்மையில் அழைப்பது உலக வழக்கே, இலக்கணமன்று என்று தொல்காப்பியரே ஒதுக்கிவைத்தார். அவ்வழக்கைக் கொண்டு ஆய்வாளர் ஒரு வெப்பமானி அமைத்திருக்கிறார். 'மாமா' என்பது சாதா நிலை. 'நீ' என்று இறங்கினால் இளஞ்சூடு. 'டா' சேர்ந்தால் கொதிநிலை. ஆனால் கொதித்தது ஆறும், மாலையில் அதே டா நட்புக்குத் திரும்பும். அஞ்ச வேண்டியது ஏற்றத்துக்கு. நேற்றுவரை 'நீ' என்றவர் திடீரென்று, "சொல்லுங்க ஐயா, உங்களுக்குத் தெரியாததா?" என்றால் உறவு முறிந்தது என்று அறிக. வசையின் உச்சம் மரியாதை.

6. பரிந்துரை

வலைக்கு முறை இருக்கிறது, வசைக்கு இல்லை. எனவே வசைக்கும் பாடு வைக்கலாம். இன்று திட்டும் முறை ஒருவருக்கே. மற்றவர் வாய்வலையைக் கரையில் காயப்போட வேண்டும். பதில் வராது என்று தெரிந்தால், திட்டுகிறவர் மூன்றாம் வாக்கியத்தில் களைத்துக் குழம்புக்கே திரும்பிவிடுவார்.

இக்கட்டுரையை அதே பெஞ்சில் வாசித்துக் காட்டினேன். ஆறு நாளாக என்னை "இன்னாப்பா, நீ இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், டீயை உறிஞ்சிவிட்டுக் கைகூப்பினார்.

"நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா சரியாத்தாங்க ஐயா இருக்கும்."

ஐந்தாம் பகுதியை மறுபடி புரட்டிப் பார்த்தேன். மானி பழுதில்லை.