சிங்கப்பூர் – நியூயார்க் வான்வழித் தொலைவும் ராகு காலமும்: ஓர் ஆய்வு

சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் எவ்வளவு தூரம் என்று சட்டென்று கேட்பவர்கள் ஆய்வு நெறி அறியாதவர்கள். தூரம் எனப்படுவது யாது என்றல்லவா தொடங்க வேண்டும்? அதற்கு விடை கிடைக்காதவரைக்கும்தான் கருத்தரங்கு நடத்தலாம். முன்னோடி ஆய்வுகள் அனைத்தையும் கற்றேன் என்று எழுதுவது மரபு. எழுதிவிட்டேன்.

தூரம்: சுமார் 15,350 கி.மீ.

வழி: இரு நகரங்களும் ஏறக்குறைய எதிரெதிர்த் தீர்க்கரேகைகளில் இருப்பதால், குறுக்குவழி வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. நியூயார்க் செல்லும் விமானியோ கிழக்கு நோக்கி வீசும் உயரக் காற்றைப் பிடித்துக்கொண்டு பசிபிக் வழியாகப் போவார். சுற்றுவழி நேர்வழியைவிடச் சீக்கிரம் கொண்டுசேர்க்கும் என்பதைப் பல்கலைக்கழகப் பணி நியமனம் பெற்றவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நேரம்: ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் விமானத்தில் 18 மணி நேரத்துக்கு மேல். விமானம் நகரத் தொடங்கியதிலிருந்து மறுமுனையில் நிற்கும்வரை கணக்கிடுவது விமானத் துறையினர் மரபு. ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்றாவது பாலித்தீன் பை சுற்றும்போதே பயணம் தொடங்கிவிடுகிறது என்பது மாற்று மரபு (அத்தை, கூடத்து உரை, இரண்டாம் காபி).

இனி மையச் சிக்கல். கோடையில் இரு நகரங்களுக்கும் சரியாக 12 மணி நேர வேறுபாடு. நியூயார்க்கில் வியாழன் இரவு 10.30-க்கு விமானம் கிளம்புவதாகக் கொள்வோம். வியாழக்கிழமை ராகு காலம் பகல் 1.30 முதல் 3 வரை, பழுதில்லை. ஆனால் அதே நொடியில் சிங்கப்பூரில் வெள்ளி காலை 10.30. ராகு காலம் பிறக்கிறது! எந்த ஊர் ராகு செல்லும்?

புறப்படும் ஊருடையதே என்பது புறப்பாட்டுவாதம் (அத்தை, மேற்படி). வழியனுப்புகிறவருக்கு ஒன்று, வரவேற்கிறவருக்கு ஒன்று என்பது இருமைவாதம் (அத்தையின் சம்பந்தியம்மாள், அதே கூடம், சற்று உரத்த குரலில், அத்தையின் மறுப்புரை சமையலறைக்குள்ளிருந்து, பாத்திர ஓசையால் சில சொற்கள் சிதைந்துள்ளன).

மூன்றாம் தரப்பு நுட்பமானது. நாட்காட்டியின் 10.30 என்பது சூரியன் 6 மணிக்கு உதிப்பதாக வைத்துப் போட்ட கணக்கு. சிங்கப்பூரில் சூரியன் 7 மணியை ஒட்டித்தான் எழுகிறது. தீர்க்கரேகைப்படி கிரீன்விச்சுக்கு 7 மணி நேரம் முந்தியிருக்க வேண்டிய தீவு, 1982 முதல் 8 மணி நேரம் முந்தி ஓடுகிறது. எனவே ராகு 11.30 வாக்கில்தான் வருவார், அதற்குள் விமானம் வானேறிவிடும் (மாமா, திண்ணை, மின்வெட்டின்போது, காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் எழுதியது, மூலப்படி வடகம் காயவைக்கப் பயன்பட்டுவிட்டதால் எண்ணெய்க் கறைக்கு அப்பால் உள்ளவை ஊகமே).

அந்த விமானம் இறங்கும்போது சனிக்கிழமை அதிகாலை ஆகியிருக்கும். இடையில் தொலைந்த வெள்ளிக்கிழமை விரதம் அடுத்த நிதிநல்கைக்கு உரிய பொருள்.

நாட்காட்டி அச்சிடுவோர் ‘வானில் இருப்போருக்கு’ என ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். மறுப்புடையோர் அத்தையிடம் நேரில் தெரிவிக்கலாம். சீரியல் தொடங்குவதற்கு முன்.