குறி பார்த்துக் கேளுங்கள்!

வாசகர், ஔந்த், புனே: எங்கள் பேட்டைக்குப் பக்கத்தில் துப்பாக்கி வெடிக்கிறதாமே?

பயம் வேண்டாம், அது பதக்கச் சத்தம். பாணேர் தாண்டினால் பாலேவாடி. 1994 தேசிய விளையாட்டுக்காக எழுந்த வளாகம். 2008 காமன்வெல்த் இளைஞர் போட்டிகளும் அங்கேதான்.

கல்லூரி மாணவி, புனே: துப்பாக்கி சுடுவதைக் காசு கொடுத்துப் பார்க்க வைத்தது யார்?

அமெரிக்கர்கள். 1870-களில் ஆடம் போகார்டஸ் கண்ணாடிப் பந்துகளை மேலே வீசச் சொல்லிச் சுட்டார், கூட்டம் அள்ளியது. 1895-ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் வேட்டைப் பிரியர்களுக்கென்றே கண்காட்சி. காட்டைக் கூரைக்குள் இழுத்துவந்து டிக்கெட் கிழித்தார்கள்!

இல்லத்தரசி, மதுரை: அந்தக் கூத்தில் பெண்கள் உண்டா?

நட்சத்திரமே பெண்தான். ஆனி ஓக்லி. போட்டியில் அவரிடம் தோற்ற ஃபிராங்க் பட்லர், பிறகு அவரையே மணந்தார். தோல்விக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது.

பறவைப் பிரியர், கோவை: பாவம், அன்று எதைச் சுட்டார்கள்?

1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் உயிருள்ள புறாக்களை. முதலிடம் பெற்ற பெல்ஜியக்காரர் லியோன் டி லுண்டன் வீழ்த்தியவை 21. இத்தனைக்கும் லிகோவ்ஸ்கி என்ற அமெரிக்கர் 1880-லேயே புறாவுக்குப் பதிலாகச் சுடக் களிமண் தட்டு கண்டுபிடித்துவிட்டார். புத்தி வந்தது, ஒலிம்பிக்குக்குத்தான் லேட்டாக வந்தது.

ஆசிரியர், சேலம்: நம் ராஜாக்கள் வேட்டை வெறியர்களாயிற்றே?

1972 வனவிலங்குச் சட்டம் வேட்டைக்கு வேட்டு வைத்தது. அதற்கும் முன்பே, 1962-ல், பிகானேர் மகாராஜா கர்ணி சிங் கெய்ரோ உலகப் போட்டியில் பறக்கும் தட்டுகளைச் சுட்டு வெள்ளி வாங்கினார். புலித்தோலைவிட அந்த வெள்ளிக்குத்தான் மவுசு.

விமர்சகர், திருச்சி: பத்து மீட்டரில் சுடுவதெல்லாம் ஒரு வித்தையா?

ஏர் ரைஃபிளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 0.5 மில்லிமீட்டர், குண்டு 4.5 மில்லிமீட்டர். குறியைவிடக் குண்டு பெரிசு. இப்போது சொல்லுங்கள்!

ரயில் பயணி, அரக்கோணம்: டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஒலிம்பிக் பதக்கம் வென்றாராமே?

கோலாப்பூர்க்காரர் ஸ்வப்னில் குசாலே. 2024 பாரிஸ், 50 மீட்டர் ரைஃபிள், வெண்கலம். அந்தப் பிரிவில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். பாலேவாடியில் பழகிய கை. அந்தக் கண்ணிடம் வித்தவுட் தப்புமா?

வாசகர், சென்னை: மெரினாவில் பலூன் சுடுவது எந்தக் கணக்கில்?

நம் ஊர்க் கண்காட்சிக் கணக்கில்! பலூன் வெடித்ததும் துள்ளும் பெண் குழந்தையிடம் கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் பெயரைச் சொல்லுங்கள். 2019 ரியோ உலகக் கோப்பையில் ஏர் ரைஃபிள் தங்கம் அவருக்கே.

அப்பா, ஔந்த்: பையன் துப்பாக்கி கேட்டு அடம்பிடிக்கிறான். என்ன செய்ய?

நல்ல பயிற்சியாளரிடம் சேருங்கள். முதல் பாடமே மூச்சைப் பிடிப்பதும் வாயைப் பூட்டுவதும்தான். இரண்டாவது தேறினாலே வீட்டுக்குத் தங்கம்!