பென் டிரைவ் பிரசங்கி

வீட்டுக்கு வந்தவர் உட்கார்ந்ததும் தண்ணீர்ச் செம்பை நீட்டுவது நம் நாட்டுச் சம்பிரதாயம். நம்முடைய கடையநல்லூர்ப் பிரமுகரோ செம்புக்கு முன்னால் பென் டிரைவை எடுத்துவிடுகிறார். சவுதியில் உழைத்துச் சம்பாதித்த 55 அங்குல டி.வி.யின் முதுகுப்புறத்தில் கையை விட்டு, துவாரத்தைத் தடவித் தேடி, முதலில் தலைகீழாகச் செருகிப் பார்த்து, பின்பு நேராகச் செருகி, ரிமோட்டைச் செங்கோல்போல் ஏந்தி அவர் அமரும் அந்த க்ஷணத்தில், தென்காசிக்குப் போகும் பஸ்ஸைப் பற்றிய நம் கவலை நாதியற்றுப் போகிறது.

குடும்பத்தோடு குற்றாலம் போய்வந்த படங்கள் கிரமமாக வரும் என்று எண்ண வேண்டாம். அவர் டி.வி. எண்ணை முழுதாக மதிக்காமல் முதலிலிருந்து இலக்கம் இலக்கமாக ஒப்பிடுவதால், 1-க்கு அடுத்து 10 வரும். 19 தீர்ந்த பிறகே 2 தலைகாட்டும். ஆகவே குடும்பத்தார் வாசலில் வேன் ஏறிய மறுகணமே ஐந்தருவியில் நனைந்து நடுங்கி, ரம்புட்டான் வாங்கித் தின்று, வீடு திரும்பி உறங்கியும் விடுகிறார்கள். அதற்கப்புறம்தான் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொள்ள உட்காருகிறார்கள். 01, 02 என்று பெயர் மாற்றினால் சரியாகிவிடும் என்று மகன் சொன்னதற்கு, "எல்லாம் வரிசையா வந்தா நான் எதுக்குடா?" என்று கேட்டாராம்.

இவையெல்லாம் சகிக்கத் தக்கவை. சகிக்கத் தகாதது, வராத படம். மருமகனுடையது ஐபோன். இடத்தை மிச்சப்படுத்த 2017 முதல் ஐபோன்கள் ஹெச்.இ.ஐ.சி. என்ற வடிவில் படத்தைச் சேமிக்கின்றன. ஜேபெக் மட்டுமே பயின்ற டி.வி.யோ, திறக்க இயலாது என்று கறுத்த திரையைக் காட்டிக் கைவிரிக்கிறது. வேறொருவராயின் லஜ்ஜையோடு அடுத்த படத்துக்குத் தாவுவார். இவர் எழுந்துபோய் அந்தக் கறுப்பின் இடது மூலையில் விரலை வைத்து, "இந்தா, இங்கன நிக்கது எங்க மச்சான். தோள்ல துண்டு கெடக்கு பாருங்க" என்கிறார். பார்க்கிறோம். "துண்டப் பிடிச்சு இழுக்குல்லா, குரங்கு!" குரங்கையும் பார்க்கிறோம். "துண்டு என்ன கலருன்னு சொல்லுங்க?" பச்சை என்று யாரோ ஒருவர் உபசாரத்துக்குச் சொல்லிவைக்க, "பச்சையா? நல்லாப் பாருங்க, நீலம்!" என்று கோபித்துக்கொள்கிறார்.

தெரிகின்ற படங்களில் எல்லோரும் விறைத்து நிற்கிறார்கள். தெரியாத படங்களில்தான் சிரிக்கிறார்கள். வயோதிகத் தாயார் தலையில் முதல் தண்ணீர் விழுந்ததும் போட்ட கூச்சலை, வெறும் கறுப்புத் திரையின் முன் நின்று அவர் நடித்துக் காட்டியபோது, பஸ்ஸை நான் சற்று மறந்திருந்தது வாஸ்தவம்.

அதற்காக என் மனஸ்தாபத்தை மறைப்பதற்கில்லை. மேற்கே மலையில் மேகம் இறங்கிச் சாரல் அடிக்கிற ஆடி மாதத்தில், 5 வினாடியில் நகர வேண்டிய படத்தைக் கால் மணி நேரம் நிறுத்தி, திரை மங்குகிறதென்று ஜன்னலையும் சாத்தி, வேர்த்துக் கொட்ட ஒரு மனிதனுக்கு அருவியைக் காட்டுவது அக்கிரமம். சாயாவும் ஆறிப்போயிற்று. குற்றாலம் சுமார் 20 கிலோமீட்டர்தானே, நேரிலேயே போய்ப் பார்த்துவிடலாமே என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன்.

"அங்கன ஒரே கூட்டம் அண்ணாச்சி. இங்கன்னா நனையாமப் பாக்கலாம்லா?" என்றவர், அடுத்த கறுப்புப் படத்தை அழுத்தினார்.