நிலாவுக்குப் பாய்மரம் கட்டியவர்கள்

1992 மார்ச்சில் ஜப்பான் தொலைக்காட்சிக்கு வந்து சேர்ந்தாள் சுகினோ உசாகி. வயது 14. படிப்பு ஏறாது, அழுகை தாராளமாக வரும். சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் நேரம் தவறாதவள், பள்ளிக்கு மட்டும் தவறாமல் தாமதம். இவளிடம் லூனா என்ற கருப்புப் பூனை வந்து, உலகத்தைக் காப்பாற்றும் பொறுப்பு உன்னுடையது என்றது. பூனைக்கு அன்றைக்கு வேறு ஆள் அகப்படவில்லை போலிருக்கிறது.

அதுதான் 'சேலர் மூன்'. நவோகோ தகேவுச்சி வரைந்த காமிக்ஸை டோயெய் அனிமேஷன் தொடராக்கியது. ஜப்பானியச் சிறுமிகள் மந்திரக்கோல் வேண்டும் என்று கடைவாசலில் உட்கார்ந்து அழுதார்கள். பொம்மைக் கம்பெனியான பந்தாய் கல்லாவைத் திறந்தே வைத்தது.

அடுத்த ஆண்டு ஆகஸ்டில், அமெரிக்காவில் 'பவர் ரேஞ்சர்ஸ்' தொடங்கியது. ஹைம் சபானின் கம்பெனி செய்த வேலை அது. கெட்டிக்கார வேலை என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். டோயெயின் 'ஜூரேஞ்சர்' தொடரில் முகமூடி வீரர்கள் ரப்பர் பூதங்களோடு போட்ட சண்டைகளை அப்படியே கத்தரித்து எடுத்துக்கொண்டார்கள். முகமூடி கழன்ற பிறகு வரும் காட்சிகளுக்கு மட்டும் அமெரிக்கப் பிள்ளைகளை நிறுத்திப் படமெடுத்தார்கள். உள்ளே இருப்பவன் ஜப்பானியனா கலிபோர்னியாக்காரனா என்று முகமூடி சொல்லப் போவதில்லையே! ஒரு தொடரில் அதிகம் செலவு வைப்பது சண்டை. அது இங்கே ரெடிமேடாகக் கிடைத்தது.

பவர் ரேஞ்சர்ஸில் பங்கிருந்த ரெனைசான்ஸ் அட்லாண்டிக் என்ற கம்பெனிக்கு இந்த ருசி நாக்கில் ஒட்டிக்கொண்டது. அடுத்து யாரைக் கத்தரிக்கலாம் என்று தேடியபோது கண்ணில் பட்டவள் உசாகி. கையில் ஃபார்முலா இருக்கிறது, பெண்பிள்ளைகளின் பொம்மைச் சந்தை காத்திருக்கிறது, பிறகென்ன? டூன் மேக்கர்ஸ் என்ற ஸ்டுடியோவிடம் வேலையைக் கொடுத்தார்கள்.

உசாகிக்கு முகமூடி கிடையாது என்பது அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும். அவள் சதையும் ரப்பரும் அல்ல, கோட்டுச் சித்திரம். கத்தரித்து ஒட்ட வழியில்லை. சரி, பள்ளிக்கூடத்தில் இருக்கும்வரை நிஜப் பெண்கள், அவதாரம் எடுத்ததும் கார்ட்டூன் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கார்ட்டூனையாவது ஜப்பானிலிருந்து எடுத்தார்களா என்றால், அதுவும் இல்லை. புதிதாக வரைந்தார்கள். ஆக, நடிகைகளுக்கும் சம்பளம், ஓவியர்களுக்கும் சம்பளம். பவர் ரேஞ்சர்ஸின் ஒரே ரகசியம் மலிவு. அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் காப்பியடித்தார்கள். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதைதான்.

பூனை என்றதும் ஞாபகம் வருகிறது: லூனாவை வெள்ளைப் பூனை ஆக்கிவிட்டார்கள். ஏன் என்று கேட்காதீர்கள். அதைவிடப் பெரிய அதிசயம் வாகனம். உசாகி அணிந்திருந்தது ஜப்பானியப் பள்ளிச் சீருடையின் சாயல். பேரில் 'சேலர்' (மாலுமி) இருந்தாலும், கடலுக்கும் அவளுக்கும் கொடுக்கல் வாங்கல் எதுவும் கிடையாது. அமெரிக்காவிலோ அவளுக்கும் தோழிகளுக்கும் ஆளுக்கொரு பாய்மரப் பலகையைக் கொடுத்து விண்வெளியில் பறக்கவிட்டார்கள். காற்றே இல்லாத இடத்தில் பாய் எதற்கு? சூரிய ஒளியே தள்ளும் என்று விஞ்ஞானம் பேச வருபவர்கள் அந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வரவும். ஆனால் நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். பல இனத்துப் பெண்களைக் குழுவில் சேர்த்திருந்தார்கள். அதில் ஒருத்தி சக்கர நாற்காலியில் வருகிறாள். 1990களின் சிறுவர் டிவியில் இது லேசான காரியமல்ல.

பதினேழு நிமிட மாதிரிப் படமும், பாட்டுப் போட்ட இரண்டு நிமிட விளம்பரமும் தயாராயின. கணக்குப் பார்த்தவர்கள், இருக்கிற ஜப்பானியத் தொடருக்கே ஆங்கிலக் குரல் கொடுத்தால் எவ்வளவோ மிச்சம் என்று கண்டுபிடித்தார்கள். டிக் என்ற கம்பெனி உள்ளே வந்தது. பாய்மரங்கள் சுருட்டப்பட்டன.

டிக் மட்டும் சும்மா இருந்ததா? உசாகி செரினா ஆனாள். முதல் 46 அத்தியாயங்களில் ஆறு காணாமல் போயின. இன்னொரு ஆணைக் காதலித்த வில்லன் ஸொய்சைட்டைப் பெண்ணாக்கிக் குடும்பப் பாங்காக்கினார்கள். கடைசி இரண்டு அத்தியாயங்களில் தோழிகள் ஒவ்வொருத்தியாகச் சாகிறார்கள். டிக் அவற்றை ஒரே அத்தியாயமாகச் சுருக்கி, சாவைச் சிறைப்பிடிப்பாக மாற்றியது. போதாததற்கு, அத்தியாய முடிவில் ஒரு நீதிபோதனை வேறு.

1995இல் வந்த அந்தத் தொடரைப் பல ஊர்களில் சேவல் கூவும் நேரத்தில் ஒளிபரப்பினார்கள். 65 அத்தியாயங்களோடு மூச்சு நின்றது. ரசிகர்கள் விடவில்லை. 1997இல், விளம்பரதாரரான கெல்லாக்ஸின் மனம் குளிரட்டும் என்று, எல்லோரும் ஒன்றுசேர்ந்து 'பாப் டார்ட்' பலகாரத்தை வாங்கித் தீர்த்தார்கள். உண்ணாவிரதம் தெரியும், உண்ணும் விரதம் இருந்து போராடியவர்கள் எனக்குத் தெரிந்து இவர்கள்தான்.

1998இல் கலிபோர்னியாவில் நடந்த அனிமே எக்ஸ்போவில் டூன் மேக்கர்ஸின் அந்த இரண்டு நிமிட விளம்பரத்தைப் போட்டுக் காட்டினார்கள். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ ஒரு புண்ணியவான் அதைக் கையடக்க கேமராவில் பிடித்துவைத்தார். படத்தைவிடச் சிரிப்புச் சத்தம்தான் அதில் தெளிவு.

அதன் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. எதைப் பார்த்துச் சிரித்தார்களோ, அதன் முழு வடிவம் கிடைக்காதா என்று ரசிகக் கூட்டம் இருபது வருஷத்துக்கு மேல் அலைந்தது. பதினேழு நிமிடமும் கண்ணில் பட்டால் போதும் என்று ஏங்கியது. ஒழுங்காக வெளிவந்திருந்தால் நான்கு வாரத்தில் மறந்திருப்பார்கள்.

கடைசியில் அது வாஷிங்டனில், லைப்ரரி ஆஃப் காங்கிரஸில் பத்திரமாக இருந்தது. 2022 ஆகஸ்டில் ரே மோனா என்ற ஆவணப்படக்காரர் அதை உலகத்துக்குக் காட்டினார். வெள்ளைப் பூனை, பாய்மரம் எல்லாம் அப்படியே இருந்தன. இல்லாதது சபானின் கைவரிசை ஒன்றுதான். அவருக்கும் இந்தப் படத்துக்கும் சம்பந்தமே கிடையாது. ஆனால் ரசிகர்கள் அதற்கு 'சபான் மூன்' என்று பேர் வைத்து வருஷக்கணக்காகிவிட்டது. இனிமேல் மாற்றுவதாக யாருக்கும் உத்தேசமில்லை.