கொப்பி ரூட்டர்

"எங்கட காலத்தில ரூட்டரைத் தொட்டுத்தான் படிச்ச" என்று மருமகனிடம் அடிக்கடி சொல்வேன். முழுப் பொய்யில்லை. தொட்டவர் சேர். நாங்கள் பார்த்தது சேரின் முதுகை. வகுப்புக்கு ஒரேயொரு ரூட்டர், அதிலிருந்து இளநீலத்தில் ஒரு தட்டைக் கேபிள், அது சொருகிய ஒரு கணினி. ஹைப்பர் டெர்மினலில் 9600 என்று வேகத்தை வைத்துவிட்டு அவர் தட்டுவார். திரையில் என்ன வந்ததென்று முன்வாங்குக்காரன் எட்டிப் பார்த்துப் பின்வாங்குக்குச் சொல்வான். பின்வாங்குக்கு வந்து சேரும்போது ஐபி அட்ரஸில் ஓர் இலக்கமாவது மாறியிருக்கும்.

அந்த முதுகைப் பார்க்கவும் பயணம் போகவேண்டும். எங்கள் ஊரான குறிஞ்சாக்கேணியிலிருந்து பழைய பாலத்தால் கிண்ணியா, அங்கே பாதைக்குக் காத்திருப்பு. பாதை என்றால் ஆளையும் வாகனத்தையும் சேர்த்து அக்கரைக்கு ஏற்றும் மிதவை. அதில் கடந்து, பிறகு திருகோணமலைக்கு பஸ். சவூதி உதவியில் கட்டிய 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்தது; அதற்குப் பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு இதெல்லாம் கிழவர் கதை. எனக்கு சப்நெட்டிங் பிந்தி விளங்கியதற்குப் பாதை பிந்தியதுதான் காரணம் என்பது என் வாதம். மருமகன் ஒப்புக்கொள்வதில்லை.

வீட்டுக்கு வந்தால் பயிற்சிக்கு ரூட்டர் ஏது? சீ.ஆர். கொப்பிதான். நடுப்பக்கத்தில் இரண்டு வட்டம், ஆர்1, ஆர்2, இடையில் ஒரு கோடு. பக்கத்தில் பென்சிலால் எனேபிள், கொன்பிக் டி, ஐபி அட்ரஸ், நோ ஷட்டவுன். கொப்பி ரூட்டரைப் போல நல்ல ரூட்டர் உலகத்தில் இல்லை. எந்தப் பிழையையும் குற்றம் சொல்லாது. பிங் போட்டால் பதில் வராமலிருந்ததே இல்லை. பதிலையும் நான்தானே எழுதினேன்.

கையால் தொட்டது என்று சொல்லக்கூடியது கேபிளை. கறுப்புக் கோஎக்சியல் மேசை மேசையாக ஓடும், ஒவ்வொரு கணினியின் முதுகிலும் ஒரு டீ மூட்டு, இரண்டு அந்தத்திலும் 50 ஓம் டெர்மினேட்டர். அந்தச் சின்னக் குமிழ் ஒன்று தளர்ந்தால் அறை முழுக்கச் செத்துவிடும். எங்கே தளர்ந்தது என்று மேசைக்கடியில் தவழ்ந்து தேடிய முழங்கால்கள்தான் எங்கள் சான்றிதழ்.

இப்போது மருமகன் கட்டிலில் சாய்ந்தபடி லெப்டொப்பில் பக்கெட் ட்ரேசரைத் திறக்கிறான். சிஸ்கோ 1997இல் தொடங்கிய நெட்வர்க்கிங் அகடமியின் பயிற்சி மென்பொருள். கணக்கொன்று திறந்தால் காசில்லாமல் கிடைக்கிறது. ரூட்டரை இழுத்துப் போடுகிறான், சுவிட்சை இழுத்துப் போடுகிறான். கேபிள் பட்டியலில் மின்னல் மாதிரி ஒரு படம். அதைத் தொட்டால் நேர்க் கேபிளா, குறுக்குக் கேபிளா என்று மென்பொருளே தெரிந்து சொருகிவிடும். வெள்ளை ஒரேஞ், ஒரேஞ், வெள்ளைப் பச்சை, நீலம் என்று பாட்டாகப் பாடமாக்கிய எங்களுக்கு வயிறு எரியாதா?

ஆனாலும் அது கொப்பியைப் போல முகத்தாட்சண்யம் பார்ப்பதில்லை. அவன் பிங் போட்டான். முதல் வரி பதிலில்லாமல் போய், அடுத்த மூன்றும் வந்தன. நான் வாய் திறக்குமுன் சொன்னான்: "அது பிழையில்ல மாமா. ஏ.ஆர்.பி. முதல்ல மெக் அட்ரஸைக் கேட்டுட்டு நிக்குது, அதுக்குள்ள முதல் பக்கெட் விழுந்துரும். உண்மையான ரூட்டரும் இப்படித்தான்." உண்மையான ரூட்டரைக் கண்ணால் காணாதவன் எனக்குச் சொல்கிறான், அதுவும் சரியாக! சிமுலேஷன் நிலைக்கு மாற்றி, ஒவ்வொரு பக்கெட்டும் சின்னக் கடித உறையாகக் கம்பி வழியே நகர்வதைக் காட்டினான். உறையை அழுத்தினால் உள்ளே அடுக்கடுக்காகத் திறக்கிறது. சேரின் முதுகு இதை ஒருநாளும் காட்டியதில்லை.

சுவிட்ச் போர்ட்டின் விளக்கு ஒரேஞ்சிலிருந்து பச்சையாக அரை நிமிடம் எடுக்கும். ஸ்பானிங் ட்ரீ சுற்றுவழி உண்டா என்று பார்க்கிற நேரம். பக்கெட் ட்ரேசர் அதையும் அப்படியே காட்டுகிறது. கூடவே நேரத்தை முன்னுக்குத் தள்ள ஒரு பொத்தானும் தருகிறது. வேலைத்தலத்தில் அந்தப் பொத்தான் இல்லை. பச்சை வருமுன் கணக்குப் பிரிவிலிருந்து போன் வந்துவிடும்.

உப்புக்காற்றும் பக்கெட் ட்ரேசரில் இல்லை. துறைமுகப் பக்கத்துக் கட்டடங்களில் முலாம் தேய்ந்த ஆர்.ஜே.45 முனைகள் பச்சை பூத்துக் கிடக்கும். கேபிளைக் கடிக்கிற எலியும் இல்லை. ஒருநாள் கிரிம்பரையும் ஒரு துண்டுக் கேபிளையும் அவன் கையில் கொடுத்தேன். எட்டு இழையையும் நேராக்கி, ஒரே மட்டத்துக்கு வெட்டி, முனைக்குள் தள்ளுகிற நேரத்தில் இரண்டு இழை இடம் மாறிக்கொண்டன. நசுக்கியும் விட்டான். "மாமா, இதுக்கு அன்டூ எங்க?" என்றான். முனையை வெட்டி எறிவதுதான் அன்டூ என்றேன்.

இதையெல்லாம் பகிடியாகச் சொல்லலாம். ஒன்றைச் சொல்ல முடியாது. குறிஞ்சாக்கேணியின் பழைய பாலத்துக்குப் பதிலாகப் புதுப்பாலம் கட்டும் வேலை நடந்த காலத்தில், ஊருக்கும் கிண்ணியாவுக்கும் இடையில் ஓடிய மிதவை 2021 நவம்பர் 23ஆம் திகதி காலையில் கவிழ்ந்தது. பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் மௌத்தானார்கள். அதற்குப் பிறகு, கட்டிலில் சாய்ந்து படிக்கிறானே என்று மருமகனைப் பற்றி நான் குறை சொன்னால் என் தங்கச்சி எழும்பிப் போய்விடுவாள்.

அவன் இப்போது சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. பரீட்சைக்குப் படிக்கிறான். பயிற்சி இலவசம், பரீட்சைக்கு 300 டொலர். 2022 தொடக்கத்தில் அது ஏறக்குறைய 60,000 ரூபாய். அந்த மே மாதத்திலேயே ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காசை எப்படியாவது சேர்ப்போம்.

கொழும்பில் சுவிட்ச் மாற்றுகிற அலுவலகக்காரர்களுக்கு ஒரு சொல்: பழைய சிஸ்கோ 2960 சுவிட்ச் ஒன்றை இரும்புக்காரனுக்கு நிறுத்துப் போடுமுன் கிண்ணியாப் பக்கம் கொஞ்சம் நினையுங்கள். இரண்டு போர்ட் செத்திருந்தாலும் பரவாயில்லை. செத்த போர்ட் எப்படியிருக்கும் என்று பொடியன்மார் பார்க்கத்தான் வேண்டும். கேபிளும் கிரிம்பரும் எங்களிடம் இருக்கின்றன.